பழுப்புக் குதிரையின் விலை

பாலத்துக்குப் புதுப் பலகை போடச் சொல்லி
ஷெரீப்பின் ஆள் வந்தபோதே தெரிந்துவிட்டது.
ஏழாண்டு கழித்து வருகிறார்கள்
அரசனின் நீதிபதிகள் நால்வர்.
பின்னால் பத்து வண்டி:
படுக்கை, மெழுகுவர்த்தி, உப்பிட்ட மீன்,
சுருள் சுருளாய் ஆட்டுத்தோல்.
சந்தையில் ரொட்டி அன்றே விலை ஏறியது.
ஆற்றுக்கு அப்பால் இரண்டு குடும்பங்கள்
ஆடுமாட்டோடு காட்டுக்குள் போய்விட்டதாகப் பேச்சு.

பன்னிருவரில் நான் ஒன்பதாவது.
வேதப் புத்தகத்தில் வைத்த கை
இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது.
கூடம் முழுக்க நனைந்த கம்பளி நாற்றம்.
நடு நாற்காலிக்காரருக்கு இருமல்.
அவர் இருமி முடிக்கும்வரை
கொலைகளும் களவுகளும் வரிசையில் காத்து நின்றன.

அவர் கேட்டது பிரெஞ்சில்.
இடையில் ஒருவன் அதை எங்கள் பேச்சாக்கினான்.
நாங்கள் சொன்னது லத்தீனாகித்
தோலில் இறங்கியது.

முதலில் கண்டவர் யார்?

வைமார்க் எழுந்தாள். "நான்."
வேறெதுவும் அவளிடம் கேட்கவில்லை.
பிள்ளை பெயர் உல்மார், வயது ஆறு என்றாள் கேளாமலே.
எழுத்தன் வில்லியம் என்று எழுதிக்கொண்டான்.
குதிரையின் நிறத்தை மட்டும்
இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தான்.

கொன்ற பொருள் கடவுளுக்கு உரியது.
கடவுள் சார்பில் அரசன் வாங்கிக்கொள்வான்.
அதுவரை ஊர்ப் பொறுப்பு.
ஐந்து ஆண்டு எல்லோர் வயலையும் உழுதது அது.
முறை வந்த நாளில் வைமார்க்கும்
அதற்குத் தண்ணீர் காட்டினாள்.
முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்,
ஆனாலும் வாளி காலியாகும்வரை நின்றாள்.
பிறகு ஒரு பனிக்காலத்தில் கிடையாய்க் கிடந்து செத்தது.
உரித்த தோல்
இப்போது என் காலில்.

விலை?
மூன்று ஷில்லிங் என்றோம் ஒரே குரலில்.
ஆலைக்காரன் வீட்டில் உட்கார்ந்து
இரண்டு இரவு பேசி முடித்த தொகை.
கரோனரின் ஏடு ஐந்து என்றது.
அவர் நிமிர்ந்து பார்த்தார். இருமவில்லை.
செத்த குதிரைக்கு ஐந்து,
குறைத்துச் சொன்ன நாவுக்கு அரை மார்க்.
குதிரை தள்ளியது,
குழி பறித்தது நாங்கள்.

யார்மேலாவது சந்தேகம் உண்டா?

இல்லை என்றோம்.
என் குரல் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் வந்தது.

அசைந்தது எதுவோ அதுவே கொன்றது;
சட்டம் அவ்வளவுதான்.
நின்ற சுவரில் முட்டிச் செத்தால் சுவருக்கு விலையில்லை.
உருண்ட சக்கரத்துக்கு உண்டு,
உதைத்த குளம்புக்கு உண்டு.
குதிரை ஏன் மிரண்டது என்று
நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை,
மூன்று மொழியில் ஒன்றிலும்.

அன்று காலை வேலியோரம்
மாவுச்சாக்கை உதறிக்கொண்டிருந்தேன்.
ஓங்கி, இரண்டே இரண்டு உதறு.

அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்,
கிணறு, குடிகாரன், இரண்டு பென்ஸ்.

திரும்பும் வழியில் ஆளுக்கு எவ்வளவு என்று
விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்கள்.
வைமார்க்கின் பங்கு மூன்று கோழி.
அவள் பங்கை நான் தருகிறேன் என்றேன்.
ஏன் என்று கேட்டாள்.

புதுப் பலகை காலடியில் அதிர்ந்தது.
சாக்கு இன்னும் வீட்டில் இருக்கிறது.
கால் பென்ஸ் பெறும்.