மூன்றாம் தேதி விதைப்பு

மோன்ஸேவுக்குத் தெற்கே, ரயில் பாதை தாண்டி
எங்கள் ஆய்வுப் பண்ணை.
ஒரே செம்மண், ஒரே உரம்,
விரற்கடை பிசகாத மக்காச்சோள வரிசைகள்.
தேதி மட்டும் வேறு:
நவம்பர் பதினைந்து, நவம்பர் முப்பது, டிசம்பர் பதினைந்து.
பதிவேடு என் கையில்.

ஜனவரியில் பீனா சூல்வே வருவாள்.
சூல்வேயின் அம்மா என்று பொருள்.
சம்பளப் பட்டியலில் மட்டும் எனெலெஸ் ஹிமூண்டே.
இடுப்பில் கட்டிய சாக்குப் பைக்குள்
காகித உறைகள், கிளிப்புகள், கடித்த பென்சில்.
பட்டிழை எட்டிப் பார்க்குமுன்
இளங்கதிருக்கு முக்காடு போடுவாள்.
சாயங்காலம் ஆண்பூவுக்கு ஒரு பழுப்புப் பை,
காலையில் தட்டினால்
உள்ளங்கை நிறைய மஞ்சள் தூள்.
இன்னாருக்கு இன்னார் என்று
உறையின் மேல் எழுதி முடிப்பாள்.
நூறு உறைக்கு இத்தனை குவாச்சா.
பெண் பேசப் போகிறவனுக்கு
ஒரு கோழியாவது கிடைக்கும் என்பாள்.

மழை பாதியில் நின்ற வருடம்
மூன்றாம் தேதி வயலில் பார்த்தேன்.
ஆண்பூ நாள் தவறாமல் உதிர்த்துவிட்டது.
கதிர் இழை நீட்டவில்லை.
ஒன்பது நாள் கழித்து நீட்டியது,
பச்சையாய், ஈரமாய்,
சந்தை கலைந்த பிறகு
கூடையோடு வந்து நிற்பவள் போல.
அறுவடையில் மட்டையை உரித்தால்
பல் போன ஈறு.

டாக்டர் சியாபுண்டா கணக்குப் போட்டார்.
நூற்றைம்பது நாள் இரகம்
முதல் தேதியில் கொட்டிக் கொடுக்கிறது,
மூன்றாம் தேதியில் கையை விரிக்கிறது.
நூற்றுப்பத்து நாள் இரகம்
எப்போது போட்டாலும் ஏதோ தருகிறது.
இரண்டையும் கலந்து வந்த
முந்நூற்றுப் பதினேழாம் எண்
வறட்சியிலும் மூன்றே நாளில் இழை நீட்டுகிறது.
வெளியிட இன்னும் ஆறு வருடம் என்றார்.

"இந்தத் தேதிகளை யார் வைத்தது?"
கேட்டவள் பீனா சூல்வே.
நாங்கள்தான்.
சிலர் தாமதமாய் விதைக்கிறார்களே,
அதில் எவ்வளவு போகிறது என்று பார்க்க.
"சோம்பலுக்கு என்ன விலை என்று பார்க்க"
என்றான் புதிதாய் வந்த மாணவன்.

அவள் உறையைக் கீழே வைத்து விரல் மடக்கினாள்.
முதலில் ஹமூங்கா தன் வயலை உழுவான்.
அப்புறம் தம்பி வயல்.
அப்புறம் பாதிரியார்.
அப்புறம் காசு கொடுத்தவர்கள்.
அப்புறம் களை வெட்டிக் கழிக்கிறவர்கள்.
அதற்கும் அப்புறம்
நாக்குத் தள்ளி என் வாசலுக்கு வரும் எருதுகள்.
அந்த நாளுக்கு நீங்கள் வைத்த பெயர்
டிசம்பர் பதினைந்து.

மாணவன் குனிந்து
கட்டியிருந்த ஷூ நாடாவை மறுபடி கட்டினான்.

பதிவேட்டில் எருதுக்கு ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்.
கணினி எடுத்துக்கொள்ளவில்லை,
அந்த இடத்தில் எண்தான் வேண்டுமாம்.

செப்டம்பர்.
விலா தெரிய எருதுகள்
காய்ந்த தாளை அசைபோட்டு நின்றன.
மழை என்ற சொல்லே யார் வாயிலும் இல்லை.
அப்போது போய்
உறைக்கூலி முழுவதையும்
ஹமூங்காவின் கையில் வைத்திருக்கிறாள்.
சில்லறை எண்ண அரை மணி ஆயிற்றாம்.

நவம்பர் பதினான்கு இரவு கொட்டியது.
விடிந்ததும் கயிறு கட்டி, குச்சி நட்டு
முதல் தேதிக்கு நாங்கள் தயார்.
விதைப் பொட்டலங்களின் வரிசை அறிந்தவள்
அவள் ஒருத்திதான்.
வரவில்லை.
சைக்கிளில் போய்ப் பார்த்து வந்தான் மாணவன்:
ஹமூங்காவின் எருதுகள் அவள் நிலத்தில்,
பின்னால் அவள்,
சாலுக்குள் ஒவ்வொன்றாய்.

என்ன இரகம் என்று பிறகு கேட்டேன்.
"நீளமானது. நூற்றைம்பது நாள்.
என் நிலம் இதுவரை பார்க்காதது."

எங்கள் முதல் தேதி பதினேழு ஆனது.
தாமதம்: இரண்டு நாள்.
காரணம் என்ற இடத்தில்
மழை என்று எழுதினேன்.

அந்த இரண்டு நாளும்
வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு.