வளைவு எண் பதினான்கு

நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள்.
பார்த்தேன். முழங்கால்வரை சதுப்பு,
கிரான்பெரிக் கொடிகள், கொசு.
ஈரம் எங்கே முடிந்து ஆறு எங்கே தொடங்குகிறதென்று
யாராலும் அங்கே விரல் வைத்துக் காட்ட முடியாது.

பிர்ச் மரங்களுக்குள் நுழைவதற்குள்
பெயர் வந்துவிடுகிறது: குர்னோயா.
தாண்டிவிடலாம், கையிலிருக்கும் பால்கேனைக்
கீழே வைக்காமலே.

சுண்ணாம்புப் பாறையில் ஓரிடத்தில்
தரைக்குள் இறங்கிக் காணாமல் போகும்.
மேலே ஓட்ஸ் வயல்.
ஒன்றரைக் கிலோமீட்டர் கழித்து
மால்லே வீட்டுச் சவுனாவுக்குப் பின்னால்
ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து வரும்,
இன்னும் குளிர்ந்து.

அதற்குக் கீழேதான்
அப்பா அதை நேராக்கினார்.
எழுபத்துநாலில். கூட்டுப்பண்ணை உத்தரவு.
இருபத்திரண்டு வளைவுகள்,
ஒரு கோடை, ஒரு எக்ஸ்கவேட்டர்.
வரைபடத்தில் அடிக்கோல் வைத்து இழுத்த நீலம்.
பாராட்டுப் பத்திரம் இன்னும் சுவரில் தொங்குகிறது:
தோழர் ஹெல்துர்,
நான்கு கிலோமீட்டர் ஆற்றை மிச்சப்படுத்தியவர்.
மிச்சம் எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.
ட்ரௌட் மீன் மறுவருடம் வரவில்லை.

இப்போது உத்தரவு திரும்பி வந்திருக்கிறது:
வளைவுகளை இருந்த இடத்தில் வைக்கவும்.
இயந்திரம் புதியது, கண்ணாடி அறை, ஹீட்டர்.
ஓட்டுவது நான்.

அப்பா காரைவிட்டு இறங்கவில்லை.
மடியில் கருப்பு ரொட்டி, மீன் டப்பா.
மூன்றாம் நாள் ஜன்னலை விரலளவு இறக்கி,
"பதினாலாவதை அங்கே தோண்டாதே" என்றார்.
"அது ஆல்டர் மரத்தைச் சுற்றிக்கொண்டு போகும்.
திட்டத்தில் தப்பாகப் போட்டிருக்கிறான்."

மரம் இல்லை.
வெட்டியதே அவர்தான்.
ஆனாலும் இயந்திரத்தைப் பின்னால் எடுத்தேன்.
வாளிக்கு முதலில் களிமண், பிறகு கூழாங்கல்,
பிறகு, ஐம்பது வருடம் மண்ணுக்குள் கிடந்து
கறுத்துப்போன ஒரு வேர்.

மண்தடுப்பைத் திறந்த அன்று
தண்ணீர் கொஞ்சநேரம் நேர்வாய்க்காலிலேயே போனது,
பழக்கதோஷம்.
நுரை ஒன்று சுற்றிச் சுற்றி நின்றது.
பிறகு திரும்பியது.

முடிவறிக்கையில் நீளம் என்ற கட்டத்தில்
திட்டத்தைவிட நாற்பது மீட்டர் கூட்டி எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்: மரம்.
தாலினிலிருந்து இரண்டுமுறை போன் வந்தது.

அதற்கப்பால் ஆறு கிலோமீட்டர்
எவரும் தொட்டதில்லை. நாணல், நீர்நாயின் தடம்,
ஒரு பலகைப் பாலம், அப்புறம் பால்டிக்.
அந்தக் கடலில் உப்பும் அவ்வளவாக இல்லை;
கலந்த இடத்தை
நாக்கு வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.