முப்பத்திரண்டாவது

பகலில் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்கு வெள்ளி நிறுக்கிறேன்.
போகிற கட்டி, திரும்பி வருகிற கொலுசு,
நடுவில் காணாமல் போகிற தூள்,
மூன்றையும் நோட்டில் ஏற்றுவது என் வேலை.
சேதாரம் என்றொரு வார்த்தை இருப்பதால்
அங்கே எல்லோரும் பிழைக்கிறோம்.

சனிக்கிழமை ராத்திரி
கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டு மாடியறையில்
நிறுப்பது வேறு.
அதற்குச் சேதாரம் கிடையாது.

ஃபேனை நிறுத்திவிடுவேன்.
தராசுக்குக் காற்று ஆகாது.
மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பா.
இன்னொன்று வேண்டுமென்றால்
இது அலமாரிக்குப் போய்ப் பூட்டு விழுந்த பிறகுதான்.
மரப்பலகையில் ஐம்பது குழி,
குழிக்கொரு பித்தளைக் கூடு, வாய் மேலே பார்த்து.
தீனிக்குக் காத்திருக்கும் குஞ்சுகள் மாதிரி என்று
யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது.
இவை எதற்கும் காத்திருக்கவில்லை.

பெரிய ரிவால்வர். சுண்டுவிரல் நுழையும் கூடு.
கருமருந்துக் காலத்தில்
கழுத்துவரை கொட்டினால்தான் சுடுமாம்.
இப்போதைய மருந்து அடியில் கொஞ்சம் கிடந்தால் போதும்.
மிச்சமெல்லாம் காலியிடம்.
எனக்குப் பயம் அந்தக் காலியிடத்தில்தான்.
மறந்துபோய் இரண்டாம் முறை ஊற்றினாலும் வழியாது.
தப்பு செய்தவளைக் காட்டிக்கொடுக்காமல்
வாயை மூடிக்கொள்ளும் பாத்திரம் அது.

ஊற்ற மறந்த கூடும் அதே ஜாதிதான்.
கிளப்பின் கண்ணாடி அலமாரியில்
வாழைப்பூ மாதிரி விரிந்த சிலிண்டர் ஒன்று இருக்கிறது.
ஸ்டீபன் ராஜரத்தினம் சாருடையது.
பிரைமர் மட்டும் வெடித்துக்
குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது.
"அந்த ஒண்ணு மெதுவாத்தான் சத்தம் போட்டுச்சு,
நல்லவேளைன்னு நெனச்சு
அடுத்ததைச் சுட்டேன்" என்பார்,
மூன்று விரலால் டீ கிளாஸைப் பிடித்தபடி.

முப்பத்தொன்று முடித்திருந்தேன்.
கீழேயிருந்து கொழுந்தன் அர்த்தனாரி:
"அண்ணி, தட்டுவடை செட் வாங்கியாந்தேன்,
நமத்துப் போயிரும்."
"வரேன்" என்றேன்.
ஒரே ஒரு வார்த்தை.

திரும்பிப் பார்த்தால்
முப்பத்திரண்டாவது கூட்டின் மேல் என் கை.
கையில் கரண்டி காலி.
ஊற்றிக் காலியா, எடுக்கவே இல்லையா?
கை என்னுடையதுதான். ஆனால் அது சொல்லவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
உள்ளே மருந்து தெரிந்தது.
பக்கத்துக் கூட்டில் இருக்கும் அளவுதான் என்று தோன்றியது.
தோன்றியது என்ற வார்த்தையைப்
பட்டறை நோட்டில் நான் எழுதியதே இல்லை.
அப்புறம் முப்பத்தொன்றின் மேலேயே சந்தேகம் வந்தது.
அப்புறம் பன்னிரண்டின் மேல்.

ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன்.
எல்லாவற்றையும், டப்பாவுக்குள் திரும்ப.
ஒரு மணி நேர வேலை
சர்க்கரை சிந்துகிற சத்தத்தோடு போனது.
கூடுகளைத் தலைகீழாக நிறுத்தி
மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டுக்
கை கழுவிக்கொண்டு இறங்கினேன்.
தட்டுவடை நமத்துத்தான் போயிருந்தது.
பீட்ரூட் துருவல் மட்டும் நன்றாக இருந்தது.
"இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"
"ஒண்ணும் பண்ணலை" என்றேன். உண்மைதான்.

பதினொரு மணிக்கு மாடிக்கதவைத் தாழிட்டு
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

ஞாயிறு காலை அடிவாரத்து ரேஞ்சில்
காது மூடியையும் மீறி
ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டேன்.
ஒன்று இளைத்தாலும் கையை இறக்கிவிட வேண்டும்.
எதுவும் இளைக்கவில்லை.
சேர்வராயன் மலை ஒவ்வொன்றையும் வாங்கி
வங்கிக் காசாளர் மாதிரி
திருப்பி எண்ணிக் கொடுத்தது.
ஐம்பது.

கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது பதினேழு.
அது வேறு கணக்கு.