எல்லாம் அடக்கம்

கடைசியில் மூன்று விடுதிகள் மிஞ்சின.
மூன்றிலும் ஒரே நீலம், ஒரே தென்னை,
அதுவும் ஒரே பக்கம் சாய்ந்து.
அறை, மூன்று வேளைச் சாப்பாடு, அளவில்லாத ரம்,
ராத்திரி தீவளையத்துக்குள் பாயும் ஒருவன்,
எல்லாம் அடக்கம் என்றன மூன்றும்.
ஊர்ஹோவுக்கு விவரங்களைப் படித்துக் காட்டியபோது
அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டேன்.

வெளியே தண்டர் பே, மைனஸ் இருபத்தேழு.
ஏரி கல்லாகி ஆறு வாரம்.
தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருடம்
கோதுமைத் தூசு குடித்த நெஞ்சு
சோபாவில் உட்கார்ந்து
ஒரு சின்னப் பெட்டியிடமிருந்து
மூச்சைக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறது.

நாத்தனார் ஐலா சொன்னாள்:
முதலாவதில் சிங்க இறால் வியாழக்கிழமை மட்டும்தான்.
இரண்டாவதில் விடியுமுன்னே
துண்டு போட்டு நாற்காலி பிடிக்க வேண்டும்.
எனக்கு வேண்டியது வேறு கணக்கு:
கட்டிலிலிருந்து அலை வரைக்கும்
எத்தனை அடி?

முதல் விடுதியைக் கூப்பிட்டேன்.
"கூப்பிடு தூரம்தான் அம்மா."
யார் கூப்பிடும் தூரம்?
என் புருஷனால் அடுத்த அறையில் இருக்கும்
என்னையே கூப்பிட முடிவதில்லை.
இரண்டாவது விடுதியில்
"இரண்டே எட்டு" என்று ஒருவன் சிரித்தான்.
இரண்டு எட்டில் கடல் என்றால்
அது அறைக்குள்ளேயே வந்துவிடாதா தம்பி?

மூன்றாவதில் எடுத்தவள் பெயர் அல்த்தக்ராசியா.
கேட்டதும் கொஞ்சம் பேசாமல் இருந்தாள்.
"பொறுங்கள்" என்றாள்.
பிறகு ஒரு கதவு. ஓடுகளில் குதிகாலின் டக் டக்.
யாரோ அவளை எதற்கோ அழைத்தார்கள்,
"வருகிறேன்" என்று போய்க்கொண்டேயிருந்தாள்.
சரளைக்கல். அப்புறம் சத்தமேயில்லை,
அது மணலாக இருக்கும்.
அப்புறம் கடல்,
என் சமையலறையில்,
உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்த பாத்திரத்தின் பக்கத்தில்.

"இருநூற்றுப் பதினான்கு" என்றாள் மூச்சு வாங்க.
"ஆனால் நான் குள்ளம். என் எட்டு சின்னது."

மறுநாள் ஊர்ஹோவுக்கு இரண்டு கோட்டு மாட்டி
தெருவில் இறக்கி நடத்திப் பார்த்தேன்.
எங்கள் படியிலிருந்து இருநூற்றுப் பதினான்கு
நோவாக் வீட்டுத் தபால்பெட்டிக்கும் அப்பால்.
நூற்று முப்பதில் நின்றுவிட்டார்.
மீசையில் பனி. பனிக்குவியலிலேயே உட்கார்ந்து
"கடல் நல்லாத்தான் இருக்கு" என்றார்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

மறுபடி கூப்பிட்டேன்.
நூற்று முப்பதில் என்ன இருக்கிறது?
அவள் இந்த முறை நடக்கவில்லை, தெரிந்தே இருந்தது.
"ஒரு வாதுமை மரம். அதன் கீழே ஒரு நாற்காலி.
அங்கிருந்து கடல் தெரியாது,
அதனால் விருந்தாளிகள் உட்காருவதில்லை.
வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது.
எப்போதும் காலி."

மே வரை தள்ளாதீர்கள் என்றும் சொன்னாள்,
பாசி ஒதுங்கி நாறும்,
வண்டி வண்டியாய் அள்ளுவார்கள், போதாது.
தண்ணீர் எப்படி, வெதுவெதுப்பா என்றேன்.
"மகனைக் கேட்டுச் சொல்கிறேன்,
நான் இறங்கி மூன்று வருஷமாகிறது" என்றாள்.
இருநூற்றுப் பதினான்கு அடி.

அட்டை எண்ணை இரண்டு முறை தப்பாகச் சொன்னேன்.
அறை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு
மரம் என்றேன்.
அப்படி ஒரு விலையே இல்லை, தோட்டம் என்று எழுதிக்கொண்டாள்.

"எது?" என்றார் ஊர்ஹோ சோபாவிலிருந்து.
"நாற்காலி உள்ளது."
"அப்போ சரி."

அன்று இரவு கழிப்பறைக்கு எழுந்து போனவர்
இருட்டில் தன் தாய்மொழியில் எண்ணுவது கேட்டது.
போக ஒன்பது.
வர ஒன்பது.
நடுவில், கதவருகே,
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.