பதினோராம் படி

மாலை ஐந்தரைக்கு ஊசி சரியும்.
சோயிர் நகரத்தின் வட்டக் கூடாரங்களில்
மின்கணப்புகள் சிவக்கிற நேரம்.
ஒரு நொடி தயங்கி
டேப் சேஞ்சர் படி மாறும்:
டடக்.
ஒன்பது பத்தாகும்.
அங்கே யாருக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

புதன்கிழமை வந்த பரிசோதனைத் தாளில்
பெரிய தொட்டியின் எண்ணெயில்
அசிட்டிலீன்.
பொறி பறந்த இடத்தில் பிறக்கிற வாயு.
"சுருள் போய்விட்டது, நிறுத்திவிடு"
என்றார் கன்சோரிக், உலான்பாத்தரிலிருந்து.
அவர் அறையில் கணப்பு இருந்தது.
இங்கே மைனஸ் முப்பத்தாறு.

சென்ட்மா பதில் சொல்லவில்லை.
ஏணி சாத்தி ஏறினாள்,
டிரான்ஸ்ஃபார்மரின் உடம்பெல்லாம் துடைத்தாள்,
மூட்டுக்கு மூட்டு சுண்ணப்பொடி தூவினாள்.
கசிவு இருந்தால் கறுத்த கோடாய் இறங்கும்.
கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு
விடியும்வரை பார்த்தோம்.
பொடி வெள்ளையாகவே இருந்தது.

விடிந்தபின் எதேச்சையாக
அளவுமானிகளைப் பார்த்தேன்.
சின்னதில் எண்ணெய் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.
பெரியதில் மயிரிழை ஏறியிருந்தது.

உள்ளேயே கசிகிறது.
படி மாறும்போதெல்லாம் பொறி தின்று
கறுத்துப்போன சின்ன அறையின் எண்ணெய்
தண்டைச் சுற்றிய சீல் வழியே
பெரிய தொட்டிக்குள் இறங்கி,
சுருளின்மேல் பழி போட்டிருக்கிறது.

"நிரூபி" என்றார் கன்சோரிக்.
பதினோராம் படியில் பூட்டினோம்.
மூன்று நாள் டடக் இல்லை.
பின்னிரவில் பல்புகள் கூடுதலாய் எரிவதாக
ஒரே ஒருத்தி போன் செய்தாள்;
நன்றி சொல்கிறாளா திட்டுகிறாளா
அவளுக்கே நிச்சயமில்லை.
நான்காம் நாள் மறுபடி எண்ணெய் எடுத்தோம்.
வாயு ஒரு புள்ளிகூட ஏறவில்லை.
போனில் அவர் இருமினார். அவ்வளவுதான்.

ஞாயிறு நண்பகல், நாலு மணி நேரம் நிறுத்தம்.
அறையை வடித்தோம்.
எண்ணெய் ஊற்றுகிற கஞ்சிபோல் கனத்து வந்தது.
பழைய சீல், வளையல் அளவுதான்,
சென்ட்மாவின் விரலில்
காய்ந்த ரொட்டியாய் முறிந்தது.
அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஐந்தரை.
ஊசி சரிந்தது.
கையுறை கழற்றாமல் நின்றாள் அவள்.
டடக்.

ஏணிக்கடியில் சிந்திய எண்ணெய்க்கு
மணல் போட மறந்துவிட்டோம்.
பனி அதை மூடிக்கொண்டிருந்தது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
நாளைக் காலை, மணல்.