ஒத்திக்கோ

பாட்டு ஆரம்பித்து
ஒரு நிமிஷம் பதினோராவது நொடியில்
தபேலா நிற்கும், வயலின்கள் நிற்கும்.
அந்தப் பள்ளத்தில் ஒரு குரல் விழும்:
"ஒத்திக்கோ ஒத்திக்கோ ஒத்திக்கோஓஓ… ஐசு!"

அது தேசம்மா.
பனைமரத்தொட்டி, மோட்டார் ரூமுக்கு எதிர் சந்து.

போன மாசியில் காசிமேட்டு ஏலத்துக்கு
பூனை வால் மாதிரி மைக் பிடித்து ஒரு பையன் வந்தான்.
நொறுக்கின ஐஸை வண்டியில் தள்ளி வந்தவள்
அவனையும் சேர்த்துத்தான் ஒத்தச் சொன்னாள்.
அவன் ஒத்திக்கொண்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.
அப்புறம் ஒரு டீ வாங்கித் தந்தான், பன் இல்லாமல்.
சில்லறை கொடுத்தது நான்,
சங்கரா வாங்கப் போயிருந்தேன்.

விருது விழா அன்று
ரிப்பேருக்கு வந்த டிவியைக் கடை வாசலில்
தெரு பார்க்கத் திருப்பி வைத்தேன்.
கதாநாயகி இசையமைப்பாளர் பக்கத்தில் உட்காரவில்லை.
"அப்ப பிரிஞ்சிட்டாங்க" என்றான் டேவிட்.
"தள்ளி உக்காந்தாத்தான்டா சேர்ந்திருக்காங்கன்னு அர்த்தம்"
என்றாள் மாவு விற்கும் நவமணி.
இந்த விஷயங்களில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

சிறந்த ஒலி வடிவமைப்பு.
சாம்பல் கோட்டு போட்ட ஒருவர் மேடையேறி
கடலுக்கு நன்றி சொன்னார், அம்மாவுக்குச் சொன்னார்,
வடசென்னையின் ஆன்மாவுக்குச் சொன்னார்.
"ஆன்மாவா? எந்தத் தெரு?" என்றாள் தேசம்மா.

ஒரு வார இதழில் எழுதியிருந்தார்கள்:
நாயனத்துக்கு ஒத்து எப்படியோ
அப்படி அந்தக் குரல் இந்த மண்ணின் ஆதார சுருதி.
படித்துக் காட்டினேன்.
"காலு மேல ஏறிடும்னு சொன்னேன்டா" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு
அவளுக்கு இரண்டு லட்சம் வந்திருந்தது.
பத்து மணிக்கு ஐந்து.
டோல்கேட் தாண்டும்போது பதினைந்தும்
எண்ணூரில் ஒரு மனையும்.
வட்டிக்காரர் வந்து சும்மா நலம் விசாரித்தார்.
நாலு வருஷமாய்ப் பேசாத நாத்தனார்
திருவொற்றியூரிலிருந்து கேசரியோடு இறங்கினாள்.
கடைசியில் நவமணியே
குரலைத் தாழ்த்தி, "நெசமா எவ்ளோ?" என்றாள்.

அதையெல்லாம் அவள் விட்டுவிட்டாள்.
வதந்தியும் மீன்தானே,
ரெண்டு நாளில் தானாக நாறி ஒதுங்கும்.

ஆனால் விடிகாலை மூன்றரை,
வண்டியில் நூற்றைம்பது கிலோ ஐஸ்,
"ஒத்திக்கோ ஒத்திக்கோ" என்றாள்.
ஒருத்தரும் ஒத்தவில்லை.
திரும்பினார்கள். சிரித்தார்கள். போனை எடுத்தார்கள்.
ஒருத்தன் மீதிப் பாட்டைத் தொடர்ந்து பாடினான்.
ஒருத்தன், "யக்கா, இன்னொரு தபா" என்று
வண்டிக்கு நேர் முன்னால் வந்து நின்றான்.
சக்கரம் அவன் கால் விரலில் ஏறியது.
வீடியோவில் இருக்கிறது.
அந்த அலறல் மிகத் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

மத்தியானம் கடைக்கு வந்தாள்,
புடவையில் இன்னும் ஐஸ் ஈரம்.
"பாட்டுலேர்ந்து என் சத்தத்த மட்டும் எடுக்க முடியுமா?"

நான் டிஸ்ப்ளே மாற்றுவேன், சார்ஜ் பின் போடுவேன்,
கடலில் விழுந்த போனைக்கூட ஒருமுறை பிழைக்க வைத்திருக்கிறேன்.
இதற்கு என்ன செய்ய?
"காசு கேட்டு நோட்டீஸ் வுடலாம்க்கா,
பாரிஸ்ல ஒரு வக்கீலு தெரியும்" என்றேன்.
"காசு கெடக்கட்டும்டா.
எனக்கு வழி வேணும்."

போன வாரத்திலிருந்து வேறொன்று கத்துகிறாள்.
இரண்டே எழுத்து, பாதி வார்த்தை, பாதி விசில்.
கேட்டதும் கூட்டம் நடுவில் கிழிந்து
கூடைகளோடு இரண்டு பக்கமும் ஒதுங்குகிறது.
என்னவென்று இங்கே எழுதப் போவதில்லை,
மைக் பிடிப்பவர்களும் படிப்பார்கள்.

நேற்று நானும் ஒத்திக்கொண்டேன்.
போன் சட்டைப் பையிலேயே இருந்தது.
சங்கரா கிலோ முந்நூறு சொன்னார்கள்,
வாங்காமல் வந்துவிட்டேன்.