பதினொரு கிலோ

முதலில் எடை, பிறகுதான் கண்.
எங்கள் ஆய்வறையின் ஒழுங்கு அது.

வூப்பர்டாலில் மழையில்லாத செவ்வாய்க்கிழமையை
இரண்டு முறையோ மூன்று முறையோதான் கண்டிருக்கிறேன்.
ஈரக் குடையை மூலையில் சாத்திவிட்டு
தராசின் முன்னால் எல்லோரும் பாரம் குறையப் பார்க்கிறார்கள்.
திருமதி ஷ்லோட்டர் தோட்டைக் கழற்றினார்.
பேருந்து ஓட்டும் துருக்கிக்காரர்
மூச்சு முழுவதையும் வெளியே விட்டுவிட்டுத்தான் ஏறினார்,
காற்றுக்கும் கணக்கு உண்டு என்பதுபோல.

பரராஜசிங்கம் அண்ணை
திறப்புக் கோர்வை, சில்லறை, ரயில் அட்டை,
பாதி காலியான மாத்திரை மட்டை
ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.
"பெல்ட்டும் கழட்டவோ, பிள்ளை?"
"வேண்டாம் அண்ணை, அது எல்லாருக்கும்தானே இருக்கு."

எண்பத்து நான்கு புள்ளி மூன்று.
போன வருஷம் தொண்ணூற்றைந்து புள்ளி மூன்று.
இரண்டு தரம் ஏற்றிப் பார்த்தேன்.

சொட்டு மருந்து. இருபது நிமிஷம். விளக்கை அணைத்தேன்.
நாடியைத் தாங்கியில் வையுங்கோ.
பச்சைச் சிலுவையை மட்டும் பாருங்கோ.
இமைக்காதேங்கோ.

திரையில் செம்மஞ்சள் தரை, வெளிறிய ஒரு வட்டம்,
அதிலிருந்து கிளைபிரிந்து போகும் குழாய்கள்,
சில தலைமயிரைவிட மெல்லியவை.
தோலைக் கீறாமல்
ஓடுகிற இரத்தத்தை நேரே பார்க்க
உடம்பு விட்டுவைத்த ஜன்னல்.

இடுப்பில் ஏறியது கண்ணில் எப்படித் தெரியும்
என்று கேட்பார்கள்.
எனக்கு முழுதாகத் தெரியாது, டாக்டருக்கும்தான்.
சீனி குழாயின் சுவரைக் கெடுக்கும்.
மேலதிகக் கொழுப்பு சும்மா இருக்காது,
அணையாத ஒரு சிறு வேக்காட்டை எங்கும் அனுப்பும்.
விரியவேண்டிய குழாய் விரிய மறக்கும்.
நூறு பேரை ஒரு தாளில் புள்ளிகளாய் வைத்தால்
புள்ளிகள் ஒரு பக்கம் சரியத்தான் செய்கின்றன.
ஒருவரை மட்டும் வைத்தால்
அவர் எங்கே விழுவார் என்று தாளுக்குத் தெரியாது.

அண்ணையின் ஓட்டம் போன வருஷத்தைவிட நன்றாயிருந்தது.
டாக்டர் கெஸ்ஸபோம் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து
"வுண்டர்பார்" என்றார். கட்டைவிரலைத் தூக்கினார்.
எப்படிக் குறைத்தார், கேள், மற்றவர்களுக்கும் சொல்லலாம்.

கேட்டேன்.

"மனிசி கனடாவுக்குப் போனவ.
மகளின்ர பிள்ளைப்பேறுக்கு, மூண்டு மாசம் எண்டு.
இப்ப பதினாலு."
மூக்கு நுனியைத் துடைத்துக்கொண்டார்.
"ஒருத்தனுக்கு என்னத்தைச் சமைக்கிறது?
எங்கட வீட்டில இருக்கிற சின்னப் பானையே
நாலு பேருக்கு.
பாணும் அவிச்ச முட்டையும். சில நாள் அதுவும் இல்லை."

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.
சோற்றைக் குறைத்தாராம், என்றேன் ஜெர்மனில்.
பொய் இல்லை.

படிவத்தில் நான்கு பெட்டிகள்.
உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்து, மற்றவை.
மற்றவைக்கு எதிரே
மூன்று விரல் அகலத்துக்கு வெற்றுக் கோடு.
பெட்டியை நிரப்பினேன்.
கோட்டை விட்டுவிட்டேன்.

எழும்பும்போது கேட்டார்:
"இந்தக் கண் படத்தை அவவுக்கு அனுப்பலாமோ?
நல்லா இருக்கெண்டு சொன்னா நம்பமாட்டா."
படம் வெளியே போகக்கூடாது என்பது விதி.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
கண்மணி விரிந்து, எதுவும் பிடிபடாமல்,
கைபேசியை முகத்தருகே கொண்டுபோய், தள்ளி,
ஒருமாதிரி அமத்தினார்.
"வடிவா விழுந்திருக்கோ?"

பாதி என் முழங்கை. மீதி, கூரையின் குழல்விளக்கு.
கைபேசியை வாங்கி
நானே ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

மேசையைத் தடவித் தடவி
சில்லறையைப் பையில் போட்டார்.
இன்னும் நாலு மணித்தியாலத்துக்கு
வெளிச்சம் கூசும், தொங்குரயில் படியில் கவனம், என்றேன்.
தலையாட்டினார்.

வாசலில் அடுத்தவர் குனிந்து
சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.